தொங்கட்டான் செடியின் முதல் பனிக்காலம்

நவம்பர் 9, சனி

சலேத்துக்கு ஸ்வெட்டர் வாங்க ஊட்டிக்குப் போனோம். ஸ்வெட்டரை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள். நிறம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஹமீது பாய் நர்சரி வாசலில் நின்றுவிட்டாள். அங்கே அரை மணி நேரம் ஆயிற்று.

அவள் நின்றது ஒரு ஃபுஷியா செடி முன்னால். பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கும். மேலே சிவப்பு, உள்ளே ஊதா, அதற்கும் கீழே மெல்லிய கம்பிகள் மாதிரி மகரந்தத் தண்டுகள்.

"தொங்கட்டான் மாரியில்லா இருக்கு!" என்றாள். காதில் கைவைத்துக் காட்டினாள். கல்யாணமாகி ஏழு வாரத்தில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன்.

பாய் சொன்னார்: "பல வருஷம் நிக்கிற செடிம்மா இது. ஆனா புதுசா வெச்ச முதல் பனிக்காலத்தத் தாண்டணும். தாண்டிட்டா அப்புறம் நீங்க போன்னாலும் போகாது. இந்த வருஷம் தொட்டியிலயே வெச்சு, ராத்திரி உள்ள எடுத்துக்குங்க."

பஸ்ஸில் செடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் தலைக்குந்தா வளைவில் பஸ் குலுங்கியதில் கீழ்க்கொப்பு ஒன்று பாதி முறிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தையல் நூலால் சுற்றிக் கட்டினாள்.

பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக வெப்பமானிகளைப் பார்த்து எழுதி வருகிறேன். அது பண்ணை நோட்டு. இது என்னுடையது. இதிலும் இதுவரை மழை, வெயில், காற்று என்றுதான் எழுதியிருக்கிறேன். செப்டம்பர் 18-ல் மட்டும் "தூத்துக்குடி. திருமணம். நல்ல வெயில்" என்று இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் எனக்கு முதல் கல்யாணம். சலேத்துக்கு நாற்பத்திரண்டு வயதில் இரண்டாவது.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து செடியை நட்டோம். தொட்டியிலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன்.

"தொட்டியில இருந்தா வந்த விருந்தாளி மாரிதான் இருக்கும். மண்ணுல வைப்போம்" என்றாள்.

மண்ணில் என்றால் மேற்குச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும், காலை வெயிலும் உடனே அடிக்காது. உறைந்த இலையில் திடீரென்று வெயில் பட்டால் கருகிவிடும். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அங்க வச்சா அடுப்படி சன்னல்லருந்து தெரியாதே" என்றாள்.

சன்னலுக்கு எதிரே இருப்பது வீட்டிலேயே தாழ்வான இடம். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி இறங்கி வந்து அங்கேதான் தேங்கும். தவறான இடம்.

அங்கேதான் நட்டிருக்கிறது.

நவம்பர் 17

குறைந்தபட்சம் 7 டிகிரி. பூ நான்கு, மொட்டு ஒன்பது.

நவம்பர் 28, வியாழன்

இந்தப் பருவத்தின் முதல் உறைபனி. பண்ணையில் புல்மட்ட வெப்பமானி, அதாவது புல் நுனி உயரத்தில் படுக்க வைத்திருப்பது, பூஜ்யத்துக்குக் கீழே 0.4 காட்டியது. எங்கள் வாசலில் லேசாகத்தான் விழுந்தது. நேற்று மாலையே வானம் துடைத்துவிட்டது போல இருந்ததால் செடியை மூடி வைத்திருந்தேன்.

சலேத் காலையில் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே உருளைக்கிழங்குக் காடு முழுக்க வெள்ளை.

"உப்பு!" என்றாள்.

இறங்கிப் போய்ப் புல்லிலிருந்து விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். முதல் கணவர் ஆரோக்கியம் உப்பளத்தில்தான் வேலை பார்த்தாராம். விடியும் முன்பே உப்பு வாரும் பலகையோடு போய்விடுவாராம். கோடையில் பாத்தி முழுக்க இப்படித்தான் வெள்ளையாகக் கிடக்குமாம், கண் கூசுமாம். மஞ்சள் காமாலையில் பதினொரு நாள் படுத்திருந்து போய்விட்டார். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அவளும் மாமியாரும் மட்டும்தான். அந்த அம்மாதான் பிடிவாதமாக நின்று இந்தக் கல்யாணத்தை நடத்தியவர். கோவிலில் சலேத்துக்குத் தாய் ஸ்தானத்தில் நின்றவரும் அவர்தான்.

ஆரோக்கியத்தைப் பற்றி அவள் பேசியது இதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் பண்ணைக்கு நேரமாகிவிட்டது.

டிசம்பர் 3

நேற்று நான் வருவதற்கு முன் சலேத்தே செடியை மூடியிருந்தாள், தன்னுடைய பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துச் செடிமேல் அப்படியே போட்டு. துணி இலையில் படுகிற இடமெல்லாம் குளிர் நேரே இறங்கும். இன்று நான்கு மூங்கில் குச்சி நட்டு, மேலே சாக்கு கட்டிக் கூடாரம் செய்தேன். அடியில் சருகு போட்டேன்.

மூடுவது செடிக்குச் சூடு கொடுக்க அல்ல, பகலில் மண் வாங்கி வைத்த சூடு தப்பித்துப் போகாமல் இருக்க. அதனால் வெயில் இருக்கும்போதே, நாலரை மணிக்குள் மூடிவிட வேண்டும் என்று சொன்னேன்.

"புள்ளைக்குக் கொசுவல கட்டுன மாரி இருக்கு" என்றாள்.

காலையில் நான் ஏழு மணிக்கே போய்விடுவேன். பனி உருகிய பிறகு ஒன்பது மணி வாக்கில் அவள் திறக்கிறாள். திறந்ததும் போன் செய்கிறாள். "தொறந்துட்டேன்." அவ்வளவுதான். வைத்துவிடுகிறாள்.

டிசம்பர் 12

மேகம். மூடவில்லை. ஆனாலும் ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "இன்னைக்குத் தொறக்க ஒன்னுமில்ல" என்றாள்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். பூசைக்குப் போகச் செருப்பு மாட்டும்போது சலேத் முகம் சுளித்தாள். பார்த்தால் கால் விரல்கள் எல்லாம் சிவந்து வீங்கியிருக்கின்றன. குளிர்க் கடுப்பு. பத்து நாளாக இருக்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகக் கிடந்தது. அடுப்பருகே வைத்து உருக்கி, வெதுவெதுப்பாக இரண்டு காலிலும் தேய்த்துவிட்டேன். நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது, மெதுவாகத்தான் சூடு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு விரலாகச் செய்தேன். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். பூசைக்குப் பிந்திவிட்டது.

செடியில் இன்னும் இரண்டு பூ இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இது பெரிய விஷயம்.

டிசம்பர் 30, திங்கள்

தூத்துக்குடியிலிருந்து போன். மிக்கேலம்மாள் (ஆரோக்கியத்தின் அம்மா) குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. பக்கத்து வீட்டு ஜெஸிந்தா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். வேறு ஆள் கிடையாது.

சலேத் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க" என்றேன். நான் அவளை இன்னும் நீங்க என்றுதான் கூப்பிடுகிறேன்.

"பத்து நாளுல வந்துருதேன்" என்றாள். மேட்டுப்பாளையம் வரை போய் ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் கம்பி வழியாக, "நாலரைக்குள்ள மூடிருங்க, என்ன?" என்றாள். உறைபனியைப் பற்றி எனக்கே சொல்கிறாள்.

ஜனவரி 1

புத்தாண்டு. புல்மட்டம் -1.2. மாலை ஆறரைக்கு அழைத்தாள். மாமிக்கு நாளை ஆபரேஷன். "செடி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது, பூ ஒன்று உதிர்ந்தது, ஒன்று நிற்கிறது என்றேன்.

ஜனவரி 4

ஆறரைக்கு அழைத்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. "செடி எப்படி இருக்கு?" மூடினேன், திறந்தேன், அடியில் சருகு இன்னும் கொஞ்சம் போட்டேன் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் உடனே வைக்கவும் இல்லை.

ஜனவரி 7

சருகைப் பற்றி நான்கு நிமிடம் பேசினோம்.

ஜனவரி 11, சனி

சலேத் இன்று மதியமே அழைத்தாள். ஒன்றரை மாதம் மாமி கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதன் பிறகும் பிடித்து நடக்க ஆள் வேண்டுமாம். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்த வீடு சலேத் பதினைந்து வருடம் வாழ்ந்த வீடு.

"இப்ப வர முடியாது போல இருக்கு. எப்பன்னும் சொல்ல முடியல" என்றாள்.

"சரி. பாத்துக்குங்க" என்றேன்.

பின்னால் யாரோ ஒரு பெண் குரல், "அதான் ஒன் வீடு இருக்குல்லா, எதுக்கு அங்க போய்க் குளிருல கெடக்க?" என்றது. ஜெஸிந்தாவாக இருக்கலாம். சலேத் அதற்கு என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. போன் கட்டாகிவிட்டது.

காலையில் வைத்த கஞ்சி இருந்தது. குடித்தேன். சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

புல்மட்டம் -3.6. இந்தப் பருவத்தில் இதுதான் மிகக் குறைவு.

பண்ணையில் எழுதும்போதே கை நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தேன். சாக்கு மடித்தபடி முக்காலியில் இருந்தது. நேற்று மூடவில்லை. மறதி.

செடி நிற்கிறது. கண்ணாடியில் செய்தது மாதிரி இருந்தது. வெயில் ஏறியதும் இலைகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிட்டன. மதியத்துக்குள் கறுத்துப்போனது.

ஆறரைக்கு அழைத்தாள். "செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

ஜனவரி 15

பொங்கலுக்குப் பண்ணை விடுமுறை. கருவி பார்க்க மட்டும் போய் வந்தேன். சலேத்திடம் புதிதாக ஒரு மொட்டு வந்திருப்பதாகச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சந்தோஷப்பட்டாள்.

ஜனவரி 16

மொட்டு பெரிதாகிறதா என்று கேட்டாள். பெரிதாகிறது என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஹமீது பாயிடம் போய் அதே செடி ஒன்று கேட்டேன். அதே உயரம், அதே நிறம். கண்ணாடி வீட்டுக்குள் வைத்திருந்ததில் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

"பழசு என்னாச்சு?"

சொன்னேன்.

"வேரப் பிடுங்கிட்டீங்களா?"

"இல்ல."

"பிடுங்காதீங்க. காஞ்ச கொப்பையும் இப்ப வெட்ட வேணாம், அதுவே அடியில இருக்கிற உசுருக்கு ஒரு மறைப்பு. மேல போச்சுன்னா போகட்டும். அடியில சருகக் குமிச்சு வெச்சுட்டு, தண்ணி அளவா விட்டுட்டு, பேசாம இருங்க. மார்ச் வரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க அதுகிட்ட."

"வருமா?"

"தெரியாது சார். அது உள்ள நடக்கிற விஷயம்."

ஜனவரி 23

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கறுத்ததைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதியதை அந்தக் குழியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. கீழ்க்கொப்பில் அவள் சுற்றிய நூல் கண்ணில் பட்டது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே பழுப்பு. நடுவில் பழுப்பு. மண்ணை ஒட்டிய இடத்தில் நூலிழை அளவுக்குப் பச்சை தெரிந்தது. பச்சையா, என் ஆசையா என்று தெரியவில்லை. மறுபடி சுரண்டிப் பார்க்கப் பயம்.

முழங்கால் உயரத்துக்குச் சருகு குவித்தேன். புதிய செடி ஹாலில் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

சலேத் போட்டோ அனுப்பச் சொன்னாள். இதுவரை கேட்டதில்லை. "மாமி பாக்கணும்ங்குதாவ" என்றாள்.

புதிய செடியை வெளியே கொண்டுபோய், தொட்டி தெரியாமல் சருகு மூடி, சன்னலுக்கு எதிரே வைத்துப் படம் எடுத்தேன். நான்கு பூக்கள் தெளிவாக விழுந்திருந்தன. அனுப்பினேன்.

"ம்" என்று பதில் வந்தது.

ஜனவரி 27

ஆறரைக்கு அழைத்தாள். மாமிக்குத் தையல் பிரித்தது, சாப்பாடு, மருந்து எல்லாம் சொன்னாள். செடியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜனவரி 28

அழைக்கவில்லை.

ஜனவரி 29

அழைக்கவில்லை. நான் அழைத்தேன். ஜெஸிந்தா எடுத்து, சலேத் துணி துவைக்கிறாள் என்றாள்.

ஜனவரி 30

நான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி, "நீங்களா?" என்றார். ஆறு வருடத்தில் கல்யாணத்துக்கு எடுத்ததைச் சேர்த்து இதுதான் இரண்டாவது விடுப்பு. கருவிகளைப் பார்க்க இன்னொருவரிடம் சொல்லியாயிற்று. நாளைக் காலையில் சாக்கைத் தண்டின் மேலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.

பிப்ரவரி 1, சனி. தூத்துக்குடி

காலையில் வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனேன். வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறியது.

சின்ன வீடு. முன்னறையில் கட்டிலில் மிக்கேலம்மாள். சலேத் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்தில் ஆரோக்கியம். மீசை வைத்த, நல்ல முகம். என்னைவிட இளையவர். என்றைக்கும் என்னைவிட இளையவராகத்தான் இருப்பார்.

சலேத் எழுந்தாள். கையில் இட்லித் தட்டு அப்படியே இருந்தது. "சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கிய" என்றாள்.

வாசலில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, சொல்லிவிட்டேன்: "செடி பட்டுப்போச்சு. பன்னண்டாந்தேதியே."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"போட்டோவுல நூலு எங்க? கீழ்க்கொப்புல நா கட்டுன நூலு?"

அவள் தட்டை வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"செடி போச்சுன்னு சொல்லியிருந்தா ஒரு நா அழுதிருப்பேன். அவ்வளவுதான? நா செடியக் கேக்கவா தெனமும் போன் போட்டேன்?"

"வருத்தப்படுவீங்கன்னுதான்…"

"அந்தப் படத்தப் பாத்துட்டு நா என்ன நெனச்சேன் தெரியுமா? ஒன்னு போச்சுன்னா அதே மாரி இன்னொன்ன வாங்கி அதே எடத்துல வச்சிட்டா சரியாப்போச்சுன்னு நெனைக்கிற ஆளு போலன்னு நெனச்சேன். ஊரெல்லாம் என்னையும் அப்படித்தான் சொல்லுது. அவுக போனாக, இவுகள வச்சிக்கிட்டாளாம்னு." சுவரில் இருந்த படத்தை அவள் பார்க்கவில்லை, ஆனால் கை அந்தப் பக்கம் போனது. "அவுக எடத்துல நா ஒங்கள வைக்கல. ஒங்களுக்கு வேற எடம். அது ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன்."

"நா மாத்தி வைக்கல. குழி வெட்டப் போனேன். முடியல. பழசு இன்னும் மண்ணுலதான் இருக்கு. நூலோட."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ இனி வரமாட்டேன்னு நெனச்சேன். அதான் மூடல" என்றேன்.

நீ என்று வந்துவிட்டது. திருத்தலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. இந்த நோட்டை இப்போது புரட்டினால் ஜனவரி 12-ல் மறதி என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

சலேத் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சாப்பிட்டியளா?" என்றாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் எனக்குக் காது செவிடுன்னு நெனச்சுப் பேசுதியளோ? அவனுக்கு மொதல்ல இட்லி வையி."

பிப்ரவரி 3

மிக்கேலம்மாளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். சலேத் இத்தனை நாள் தனியாகவே செய்திருக்கிறாள். அவள் தோளில் வலி இருக்கிறது, சொல்லவில்லை. இந்த இரண்டு நாளும் நான் தூக்கினேன். கோழிக்குஞ்சு மாதிரி எடையே இல்லாத மனுஷி. ஆனால் பேச்சு கனமாக இருக்கும்.

"இவளக் கூட்டிட்டுப் போயிரு. ஜெஸிந்தா கஞ்சி ஊத்துவா" என்றார்.

"மாமி, சும்மா இருக்கியளா?" என்று உள்ளேயிருந்து சலேத்.

"நீங்களும் வாங்க" என்றேன். முன்கூட்டி யோசித்துச் சொல்லவில்லை. சலேத் அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தாளோ, அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"எனக்குக் குளிரு ஆவாது."

"இப்ப இல்ல. ஏப்ரல்ல. அப்ப ராத்திரிகூட பத்து டிகிரிக்குக் கீழ போகாது. பகல்ல இருபத்திரண்டு. இருபத்திரண்டு வருஷக் கணக்கு என்கிட்ட இருக்கு."

"டிகிரின்னா எனக்கு என்ன தெரியும்? வெயில் அடிக்குமா?"

"அடிக்கும்."

"இடுப்பு ஊனட்டும், பாக்கலாம்" என்றார். ஆரோக்கியத்தின் படத்தை எடுத்துவர முடியுமா என்றும் கேட்டார். ஹாலில் கிழக்குச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 5, புதன். தலைக்குந்தா

வந்து சேர்ந்தேன். -1.8. செடி போட்டது போட்டபடி இருக்கிறது. ஆறரைக்கு அவள் அழைத்தாள்.

"செடி எப்படி இருக்கு?"

"கறுப்பா இருக்கு."

"நீங்க?"

"பரவாயில்ல."

"சாப்பாடு?"

"கஞ்சி."

"தெனமும் கஞ்சியா?" என்று ஆரம்பித்தாள். முப்பத்தைந்து நிமிடம்.

பிப்ரவரி 14

கறுப்பு. 0.2. பருப்புக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன் என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் மாமியும் விழித்துக்கொண்டார்.

பிப்ரவரி 22

அநேகமாக இதுதான் கடைசி உறைபனி. ஆனால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. மாமி வாக்கர் பிடித்து வாசல் வரை நடந்தாராம்.

மார்ச் 2

கறுப்பு.

மார்ச் 6

ஹமீது பாய் ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. தினமும் காலையில் சருகை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். விலக்குவது கேட்பதில் சேருமா தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலை ஆறே முக்கால். தண்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, மண்ணிலிருந்து சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. புழு என்று நினைத்தேன். குனிந்தேன். பிறகு மண்டியிட்டேன். மடிந்த இரண்டு இலைகள், நுனி அரிசியளவு. பக்கத்தில் இன்னொன்று. பின்பக்கம் மூன்றாவது.

வழக்கமாக அவள்தான் அழைப்பாள். இன்று நான் அழைத்தேன். எடுத்ததும், "என்ன ஆச்சு?" என்று பதறினாள். காலையில் போன் என்றால் அவளுக்குப் பயம்.

"வந்துருச்சு" என்றேன்.

"யாரு?"

"செடி. அடியிலருந்து. மூணு."

அந்தப் பக்கம் "மாமி! மாமி!" என்று ஓடுவது கேட்டது. போனை எங்கேயோ வைத்துவிட்டாள். நான் கட் பண்ணாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்குள் இரண்டு பெண்கள் பேசுவதைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பண்ணைக்கு இருபது நிமிடம் தாமதம். நோட்டில் நேரத்தை உள்ளபடியே எழுதினேன்.

மார்ச் 16

காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டினேன். துளிர் ஏழு. வாங்கி வந்த செடியை மேற்குச் சுவரை ஒட்டித் தனியாக நட்டேன். அது எதற்கும் மாற்று இல்லை, அது வேறு செடி.

ஏப்ரல் 5, சனி

மேட்டுப்பாளையத்திலிருந்து கார் வைத்துக் கூட்டி வந்தேன். மிக்கேலம்மாள் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னார். வளைவு ஒன்று வரும்போதெல்லாம் குரல் உயர்ந்தது. சலேத் முன்சீட்டில் ஆரோக்கியத்தின் படத்தை மடியில் வைத்திருந்தாள்.

வந்ததும் செடியிடம்தான் போனார்கள். சாண் உயரம் வந்திருக்கிறது. மாமி வாக்கரில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"இந்தக் கீரைக்கா இம்புட்டுப் பாடு?"

"பூத்தா தெரியும் மாமி" என்றாள் சலேத். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். மாமி பார்க்கிறார் என்பதற்காக விடவும் இல்லை.

படம் கிழக்குச் சுவரில் இருக்கிறது. ஆணி நான்தான் அடித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

மாமியின் இடுப்பைக் காட்ட ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போனோம். நல்ல கூட்டம். சீட்டு எழுதும் பெண் நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

"மிக்கேலம்மாள்."

"வயசு?"

"எழுபத்தி நாலு."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

நின்றுவிட்டேன். மருமகளின் கணவன் என்று சொன்னால் மகன் என்றுதான் அர்த்தம் ஆகும். மருமகன் என்றாலும் பொய். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அந்தப் பெண் பேனாவோடு நிமிர்ந்தாள். "சார், உறவு என்னன்னு கேட்டேன்."

சலேத் வாயைத் திறந்தாள். அதற்குள் சக்கர நாற்காலியிலிருந்து மாமி கையை நீட்டி மேசையைத் தட்டினார்.

"மகன்னு எழுதும்மா. எனக்கு ரெண்டு பேரு. மூத்தவன் தவறிட்டான். இவன் எளையவன்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். டாக்டரிடம் கொடுக்க வேண்டிய சீட்டு அது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, சலேத் இரண்டு முறை கேட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன்.